இதமான ஒலியும் இலக்க மாற்றியும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் மின்னணுக் கடைகளில் இன்று சில நூறு ரூபாய்க்கு ஓர் இலக்க மாற்றிப் பலகை கிடைக்கிறது. அதே தொழிலைச் செய்யும் கருவி, அழகிய உலோகப் பெட்டியில் அமைந்து, பல லட்சம் ரூபாய்க்கும் விற்கப்படுகிறது. விலை உயர்ந்ததை வாங்குவோர் பலர் கூறும் காரணம் ஒன்றே: அதன் ஒலி ‘வார்ம்’ ஆக இருக்கிறதாம். வெயில் மிகுந்த நாட்டில் வெம்மை என்பது இன்பத்தைக் குறிக்கும் சொல்லன்று. ஆதலின் இதனை ‘இதம்’ எனக் கொள்ளலாம். இந்த இதம் எங்கிருந்து வருகிறது, அதற்கு ஒரு குடும்பம் தன் பல மாத வருவாயைச் செலவிடுதல் தகுமா என்பன ஆராயத்தக்கவை.

இலக்க மாற்றியின் வேலை யாது? 1982-இல் விற்பனைக்கு வந்த ஒலித்தகட்டு முறையில், ஒலியலையின் உயரம் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. டாக் எனச் சுருக்கமாக வழங்கும் இம்மாற்றி அவ்வெண்களை மீண்டும் மின்னலையாக்கித் தருகிறது. மனிதச் செவி கேட்கும் எல்லை, இளமையிலேயே, வினாடிக்கு 20,000 அதிர்வுகள் அளவுதான். அவ்வெல்லைக்குள் அமைந்த அலையைப் பிழையின்றித் திரும்பப் பெற 44,100 அளவுகள் போதும் என்பது நிறுவப்பட்ட கணித உண்மை. முறையாக வடிவமைக்கப்பட்ட மாற்றி, மலிவானதாயினும், இதனை இன்று எளிதிற் செய்துவிடுகிறது.

அவ்வாறாயின் சில மாற்றிகள் இதமாக ஒலிப்பதேன்? காரணங்கள் மூன்று. முதலாவது, சில கருவிகளில் ஒலியைச் செம்மைப்படுத்தும் வடிப்பானை வேண்டுமென்றே நீக்கிவிடுகின்றனர். அதனால் 10,000 அதிர்வில் ஏறத்தாழ முக்கால் டெசிபலும், 20,000 அதிர்வில் 3 டெசிபலுக்குச் சற்று மிகுதியாகவும் ஒலி குறைகிறது. கூர்மை குறைந்ததையே செவி இதம் என்று கொள்கிறது. ஒலிபெருக்கியில் உள்ள குமிழைச் சற்றே திருப்பினால் ஏறக்குறைய இதே பயனைச் செலவின்றிப் பெறலாம். இரண்டாவது, வெளியீட்டுப் பகுதியில் வால்வு பொருத்திய சில கருவிகள், மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்களைச் சிறிதளவு சேர்க்கின்றன. மூன்றாவது, ஒரு கருவி மற்றொன்றைவிடச் சிறிது உரக்க ஒலித்தால், ‘உரப்பு’ என உணராமல் ‘தரம்’ என்றே செவி முடிவு செய்துவிடும். கடையில் நடைபெறும் ஒப்பீடுகளிற் பெரும்பாலானவை இம்மூன்றாவது காரணத்தாலேயே பயனற்றவையாகின்றன.

மேற்சுரம் கூடினால் இனிமை கூடாதா என்று கேட்கலாம். கூடும், ஆனால் அதற்குரிய இடம் இசைக்கருவியே. சர் சி. வி. ராமன் 1921-இல் வெளியிட்ட ஆய்வில், தம்பூரா, வீணை ஆகியவற்றின் குதிரை அமைப்பால், தந்தியை மீட்டும் இடத்தைக் கொண்டு நோக்கினால் தோன்றக்கூடாத மேற்சுரங்களும் வலுவுடன் தோன்றுவதைக் காட்டினார். 1933-இல் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக வந்த அவர், மறு ஆண்டில் மிருதங்கத்தைப் பற்றியும் விரிவாக எழுதினார். தோலின் நடுவில் இடும் கரணையால், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஐந்து இணக்கச் சுரங்கள் அமைகின்றன என்பது அவர் கண்ட உண்மை. தம்பூராவின் ஜீவா நூலையும் மிருதங்கத்தின் கரணையையும் தலைமுறை தலைமுறையாகச் சீர் செய்த கைவினைஞர்கள், எவ்வளவு மேற்சுரம் வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்துவிட்டனர். அதன்மேல் ஒரு பெட்டி தன் பங்கையும் சேர்ப்பது, சமைத்து முடிந்த உணவில் பரிமாறுபவர் உப்பிடுவதற்கு ஒப்பாகும்.

மேலும், மேற்சுரம் சேர்க்கும் கருவி அதனோடு நிற்பதில்லை. இரு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது அவற்றின் கூட்டையும் வேறுபாட்டையும் புதிய ஒலிகளாக உண்டாக்குகிறது. ஷட்ஜம் 240 அதிர்வு, பஞ்சமம் 360 எனின், கூட்டு 600, வேறுபாடு 120. இரண்டும் சுருதியோடு இயைந்தவை. ஆனால் தம்பூராவின் ஷட்ஜத்தின்மேல் பாடகர் சுத்த ரிஷபத்தை நிறுத்தினால், அது 256 அதிர்வாகும். கூட்டு 496. மேல் ஷட்ஜம் 480. மேல் ரிஷபம் 512. இரண்டுக்கும் சரி நடுவே, எந்தச் சுரத்தானத்திலும் அமையாத ஒலி அது. தனிக்குரலில் இதமெனத் தோன்றிய கருவி, மாயாமாளவகௌளையில் கலக்கம் தருவது இதனால்தான். வால்வு சேர்க்கும் அளவு சிறிதாயின் அது செவிக்கு எட்டாமலும் போகலாம். செவிக்கு எட்டாதாயின், அதற்கு விலை கொடுப்பதும் வீணே.

பழைய வால்வு ரேடியோவின் ஒலியை முதியோர் அன்புடன் நினைவுகூர்வர். 1954-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1960களின் தொடக்கத்திலேயே ரேடியோ வால்வுகளைச் செய்து அளித்தது. அது நாடு பெருமை கொள்ளத்தக்க பணி. எனினும் அந்த ஒலியின் இதத்தில் மரப்பெட்டிக்கும், பெரிய ஒலிபரப்பிக் கூம்பிற்கும், உயர் அதிர்வுகளைக் குறைத்தே பெற்ற மத்திய அலை முறைக்கும் பெரும் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் வால்வுக்கே அளித்தல் பொருந்தாது.

இலக்க மாற்றிகள் அனைத்தும் ஒன்றே என்பதும் உண்மையன்று. கணினியின் உட்புற இரைச்சலை ஏற்கும் கருவி, மின் இணைப்பின் ரீங்காரத்தை அனுமதிக்கும் கருவி, காதணி ஒலிபரப்பியை இயக்க வலுவற்ற கருவி ஆகியவை குறையுடையன. அவற்றை மாற்றுதல் நியாயமே. இதமான கலப்பை ஒருவர் அறிந்தே விரும்பினால், அது அவரது சுவை. அதனைத் துல்லியம் என்று கூறி விற்பதே மறுக்கத்தக்கது. மழையைக் கூட்டிக் காட்டும் மழைமானியை எந்தக் களப்பணியாளரும் ஏற்பதில்லை.

உண்மையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு, பள்ளியிலும் செய்யலாம். இரு மாற்றிகளிலும் 100 அதிர்வுள்ள ஒரே ஒலியைச் செலுத்தி, ஒலிபரப்பி முனைகளில் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து, வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்கு மிகாதபடி சரிசெய்தல் வேண்டும். பின்னர் ஒருவர் நாணயம் சுண்டி, திரைக்குப் பின் நின்று கருவியை மாற்ற, மற்றவர் இன்னது என்று கூற வேண்டும். இவ்வாறு பத்து முறை. கண்மூடித்தனமாகச் சொன்னால் ஒன்பதோ பத்தோ சரியாவது நூற்றில் ஒரு தடவையே நிகழும். ஆகவே ஒன்பது சரியாயின் வேறுபாடு உண்டென நம்பலாம். ஐந்தாறு மட்டுமே சரியாயின், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அப்பணத்திற்கு வேறு நல்ல செலவுகள் உள. ஒலிபரப்பிகளிடையே உள்ள வேறுபாடு எவர் செவிக்கும் புலனாவது. வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் ஒரு தடித்த திரையும் ஒரு ஜமக்காளமும் செய்யும் நன்மையை எந்த மாற்றியும் செய்யாது. இவற்றினும் மேலான பயன் ஒன்று உண்டு. விலைச்சீட்டை நம்பாமல், தன் செவியையும் சோதித்த பின்னரே நம்பும் பழக்கத்தை ஒரு மாணவன் பெறுவானாயின், அது இசையறையோடு நின்றுவிடாது.