மாணவர் விடுதியும் வாசிப்புச் சங்கமும்



களமருதூர் முதலிய கிராமங்களிலிருந்தும் கல்வராயன் மலையூர்களிலிருந்தும் நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் விடுதிகளில் தங்குகிறார்கள். வகுப்பில் இருப்பது நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம்; மீதி நேரமெல்லாம் பெரும்பாலும் விடுதியில்தான். அப்படியானால் வாலிபனுடைய புத்தி உருவாவது வகுப்பிலா, விடுதியிலா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த விடுதியில் நடப்பதென்ன? சாப்பாட்டுக் குறை, சினிமாப் பேச்சு, கைப்பேசி. பரீட்சை வந்தால் உருப்போடுதல். சாதி பார்த்து அறைத்தோழனைத் தேடுகிறவனும், பரீட்சைக்குப் போகுமுன் தேங்காய் உடைக்கிறவனும் பட்டதாரியாகவே வெளியே வருகிறான். சர்வகலாசாலை மனப்பாடத்தைப் பரீட்சிக்கிறதே ஒழிய, மூளையைப் பரீட்சிப்பதில்லை. ஆகவே விடுதிதோறும் மாணவர்களே நடத்தும் வாசிப்புச் சங்கம் ஒன்று வேண்டும் என்கிறோம்.

"பத்துப் பேர் கூடிப் படிப்பது ஒரு பெரிய காரியமா?" என்று சிலர் கேட்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததைக் கவனியுங்கள். 2014 ஏப்ரல் 14-ல் அங்குள்ள மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தைத் தொடங்கினார்கள். படித்தார்கள், விவாதித்தார்கள், துண்டறிக்கை போட்டார்கள். யாரோ பெயர் போடாமல் டில்லிக்குப் புகார் எழுதினார்கள். மத்திய சர்க்கார் அதை நிர்வாகத்துக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டது. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் எடுக்கப்பட்டது. விதியை மீறினார்கள் என்பது நிர்வாகத்தார் சொன்ன சமாதானம். நாடெங்கும் கிளர்ச்சி எழவே, ஜூன் 7-ல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. பெயர் போடத் தைரியமில்லாதவன் கடிதத்துக்கு இருந்த மரியாதை, வெளிப்படையாய்ப் படித்தவர்களுக்கு இல்லாமற் போயிற்று! படிப்பது அற்பக் காரியமானால் இவ்வளவு பயம் எதற்கு?

விஞ்ஞான மனப்பான்மையும், ஆராய்ந்து கேட்கும் குணமும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-லேயே அரசியல் சட்டத்தில் எழுதிச் சேர்த்தாய்விட்டது. எனவே கேள்வி கேட்பது குற்றமல்ல. கேளாதிருப்பதே கடமை தவறுவதாகும்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். 1948-ம் வருஷத்திய நூலகச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். ஆதலால் பொது நூலகப் புத்தகத்திற்கு மாணவனுடைய தகப்பனும் விலை கொடுத்தவனே. அதை எடுத்து வந்து படிக்க வெட்கமென்ன?

சங்கம் நடத்துவதும் சுலபமே. வாரத்தில் ஒரு மாலை, ஒரு புத்தகம். தலைவர் வாரந்தோறும் மாறவேண்டும். பேசக் கூச்சப்படுகிறவன் முதலில் பேசட்டும். கீதையையும் மனுவையும்கூட முழுதும் படித்துவிட்டு வாதாடட்டும். அம்பேத்கர் சொன்னார், பெரியார் சொன்னார் என்பதற்காகவும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொண்டால் அது வாசிப்புச் சங்கமல்ல, பஜனை மடம். பெண்கள் விடுதியில் இது இன்னும் அவசியம். மாலையானால் கேட்டைப் பூட்டுகிறார்கள். புத்தகத்தைப் பூட்ட முடியாது. ஆண்டு விழாவும் மாலையும் போட்டோவும் மாத்திரம் வேண்டவே வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. லீவுக்கு வரும் பிள்ளையை எத்தனை மார்க்கு என்று மாத்திரம் கேளாதீர்கள். என்ன புத்தகம் படித்தாய், அதில் எதை ஒப்புக்கொள்ளவில்லை, ஏன் என்றும் கேளுங்கள்.