'ஐ' என்று எழுதினால் யார் கடன்?

வெளி மாநிலத்துக்கு நமது கடைகளிலிருந்து போகும் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. சூரத்துக்கும் டில்லிக்கும் தமிழில் எழுத முடியாது. அந்தக் கடிதத்தில் 'ஐ' என்று எழுதுவதா, 'வீ' என்று எழுதுவதா என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. குமாஸ்தாவின் கைக்கு எது வருகிறதோ அதுதான். இது வாத்தியார்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய இலக்கணம் அல்ல, முதலாளிகள் பார்க்க வேண்டிய கணக்கு என்பது நமது கருத்து.

தமிழில் 'பணம் அனுப்புகிறேன்' என்றால் போதும். 'நான்' வேண்டியதில்லை, வினையே ஆளைக் காட்டிவிடும். ஆங்கில வினை அப்படிக் காட்டாது. சொல்கிறவர் யார் என்ற முழுப் பொறுப்பும் 'ஐ' என்ற அந்த ஒற்றை எழுத்தின் தலையில்தான். 'வீ' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். லாரி வாடகையை 'வீ' ஏற்போம் என்று எழுதினால், விற்றவர் மட்டுமா, வாங்கியவரும் சேர்த்தா? அந்த இடத்தில் கடையின் பெயரையே எழுதிவிடுவது நல்லது.

'மைசெல்ஃப் இன்னார்' என்று டெலிபோனில் ஆரம்பிப்பதைப் பற்றிச் சிலர் கேலி பேசுகிறார்கள். அதனால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. நஷ்டம் வருவது கடன் எழுதும் இடத்தில்.

தனி முதலாளி கடை என்றால் 'ஐ' எழுதினாலும் 'வீ' எழுதினாலும் கடன் அவருடையதே. கூட்டு வியாபாரத்தில் அப்படியல்ல. ஒரு பங்குதாரர் செய்யும் காரியம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், அதை நிறுவனத்தின் பெயரிலோ, நிறுவனத்துக்காகத்தான் என்று தெரியும்படியோ செய்ய வேண்டும் என்கிறது 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 22ஆவது பிரிவு. வெறும் 'ஐ' போட்டு, சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு ஒருவர் புரோநோட்டு எழுதினால், 'கடைக்காகத்தான் வாங்கினேன்' என்று பின்னால் சொல்வது சுலபமில்லை. மற்றப் பங்குதாரர்கள் கையை விரிக்கலாம். பணம் கொடுத்தவருக்கும் இதில் கவலை உண்டு, கடையை நம்பிக் கொடுத்த பணம் ஒரு தனி மனிதரின் பேரில் நிற்கிறதே!

கணக்கப்பிள்ளையும் மேனேஜரும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புரோநோட்டிலோ, உண்டியலிலோ, காசோலையிலோ, முதலாளிக்காகப் போடும் கையெழுத்து என்று காட்டாமல் ஒருவர் தம் பெயரை மட்டும் போட்டால் அவரே சொந்தமாகப் பொறுப்பு என்பது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. சம்பளம் வாங்குகிறவர் சரக்கின் கடனைச் சுமக்கலாமா?

சிபாரிசுக் கடிதம் இதைவிட மோசம். 'இவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும்' என்பது வரை சரி. அடுத்த வரியில் 'இவர் தராவிட்டால் ஐ பொறுப்பு' என்று எழுதினால் அது ஜாமீன். வேறு ஏற்பாடு இல்லையென்றால் கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்காரருக்கும் உண்டு என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. நண்பருக்காக எழுதும் உற்சாகத்தில் நம்மவர்கள் அந்த வரியை எழுதிவிடுகிறார்கள்.

நமது கல்லாவில் கிடக்கும் நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். கொண்டுவருபவருக்குப் பணம் தர வாக்களிப்பது 'ஐ'தான், 'வீ' அல்ல. ஆனால் அந்தக் கையெழுத்தின் கீழே கவர்னர் என்ற பதவி இருக்கிறது, மேலே ரிசர்வ் வங்கியின் பெயர் இருக்கிறது. அதனால் அந்த 'ஐ' அவர் சொந்தக் கடனாகாது. மத்திய அரசே வெளியிடும் ஒரு ரூபாய் நோட்டில் நிதிச் செயலாளர் கையெழுத்து உண்டு, வாக்குறுதி வாசகம் கிடையாது.

நாமும் அதேபோல் 'இன்ன டிரேடர்ஸுக்காக' என்று மேலே எழுதி, கீழே கையெழுத்தும், அதன் கீழ் பங்குதாரர் அல்லது மேனேஜர் என்ற சொல்லும் போட வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்தால் வேலை சுலபம். இப்போது பாதி ஆர்டரும் கடன் பேச்சும் வாட்ஸ்அப்பில் போகின்றன. அங்கே லெட்டர்ஹெட்டும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை. சொந்த நம்பரிலிருந்து 'ஐ வில் பே' என்று அனுப்புவதற்கு முன் கடையின் பெயரையும் ஒரு வரி சேர்த்து அடியுங்கள்.