பக்கம் பெருத்தது, செய்தி சிறுத்தது

இணையம் வந்தபின் விளையாட்டுச் செய்தி பெருகிவிட்டது என்பது பலரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கருத்து. நாளிதழில் விளையாட்டுக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. அதில் கிரிக்கெட் போக எஞ்சிய மூலையில் மற்ற ஆட்டங்கள் முட்டிமோதும். இணையத்திலோ இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே எல்லா ஆட்டங்களுக்கும் எல்லா ஊர்களுக்கும் வழி திறந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் தாளின் அகலம் ஒருபோதும் பெரிய தடையாக இருந்ததில்லை. ஆட்டம் நடக்கும் இடத்துக்கு ஓர் ஆள் போக வேண்டும், நாள் முழுக்க நிற்க வேண்டும், வென்றவரோடு தோற்றவரிடமும் பேச வேண்டும். அதற்குச் சம்பளமும் பயணப்படியும் ஆகும். இணையம் இடத்தைத்தான் இலவசமாக்கியது. அந்த ஆளின் செலவு அப்படியே நிற்கிறது.

தொடக்க காலம் இந்த நம்பிக்கைக்கு இடம் கொடுத்தது உண்மை. 1993இல் சைமன் கிங் தொடங்கிய கிரிக்கெட் தளமான கிரிக்இன்ஃபோவை உலகெங்கும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள், கூலி வாங்காமல் வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான பத்ரி சேஷாத்ரி பின்னாளில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவர். ஸ்கோர் அட்டைகள் குவிந்தன, பந்துக்குப் பந்து வர்ணனை வந்தது. ஆர்வத்தால் நடந்த அந்த வேலை நெடுநாள் ஆர்வத்தால் மட்டும் நடக்கவில்லை. டாட்காம் பணம் வந்து வற்றியது. 2003இல் விஸ்டன் குழுமமும் 2007இல் ஈஎஸ்பிஎன்னும் அதை வாங்கின. இன்று அந்தத் தளத்தின் நல்ல கட்டுரைகளை எழுதுபவர்கள் சம்பளம் பெறும் செய்தியாளர்கள். இலவச இணையத்தின் வெற்றியாகக் காட்டப்படும் முதல் சான்றே, யாரோ ஒருவர் செலவைத் தாங்கியதால் பிழைத்த சான்று.

மற்ற தளங்களுக்கு அந்தச் செலவைத் தாங்குபவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வாசகர் காசு கொடுப்பதில்லை. விளம்பரம் கிளிக் கணக்கில் வருகிறது. ஒரு வீரரின் மனைவி இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தைப் பற்றி ஐந்து நிமிடத்தில் எழுதிய நாலு வரிக்கும், ஒரு நாள் மைதானத்தில் நின்று எழுதிய செய்திக்கும் ஒரு கிளிக்குக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே காசு. எதை எழுதச் சொல்வார் ஆசிரியர் என்று கேட்கவே வேண்டாம்.

கிளிக் விளம்பரத்தைவிடத் தாராளமாகப் பணம் கொட்டிய இன்னொரு புரவலர் சூதாட்டம். சென்னையை அடுத்த மணிமங்கலத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனிப் பேருந்துகளில் ஐபிஎல் காலத்தில் "டீம் போட்டாச்சா?" என்ற கேள்வி சகஜமாக இருந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே தளங்கள் எழுதின: இன்றைய ஆடுகளம், யாரை கேப்டனாகப் போடலாம், யாரைத் தவிர்க்கலாம். பணம் கட்டி அணி அமைத்து ஆடும் செயலியை நடத்திய ட்ரீம்11 நிறுவனம் 2020 ஐபிஎல்லின் பெயர் உரிமைக்கு 222 கோடி ரூபாய் கொடுத்தது. 2023இல் இந்திய அணியின் சட்டைக்கு 358 கோடிக்கு ஒப்பந்தம் போட்டது. வெளிநாட்டுப் பந்தயக் கம்பெனிகள் இன்னும் நேராகவே காரியத்தில் இறங்கின. தம் பெயரை ஒட்டிய பெயரில் "விளையாட்டுச் செய்தித் தளம்" ஒன்றை வைத்து, அதற்கு விளம்பரம் என்று சொல்லிப் பந்தயத்துக்கு ஆள் பிடித்தன. 2022 அக்டோபரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதைக் குறிப்பிட்டு, இத்தகைய விளம்பரங்களை வெளியிட வேண்டாமென்று தொலைக்காட்சிகளுக்கும் இணையச் செய்தி நிறுவனங்களுக்கும் அறிவுறுத்த நேர்ந்தது. விளையாட்டுச் செய்தி என்பது சூதாட்டத்துக்குப் போடும் முகமூடியாகிவிட்டதை அரசே பதிவு செய்தது என்றுதான் அதைப் படிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்ததும் ட்ரீம்11 சட்டையிலிருந்து விலகியது. அந்தப் பணத்தை நம்பியிருந்த "செய்தி"க்கும் அன்றே ஆதாரம் போயிற்று.

அமெரிக்காவைக் காட்டி ஆறுதல் தேடவும் வழியில்லை. சந்தாப் பணத்தில் தரமான எழுத்து என்ற வாக்குறுதியோடு 2016இல் வந்த தி அத்லெட்டிக் தளத்தை 2022இல் நியூயார்க் டைம்ஸ் 55 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே தன் சொந்த விளையாட்டுப் பிரிவைக் கலைத்தது. 1954இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் தளத்தில், இல்லாத எழுத்தாளர்களின் பெயரிலும் கணினி வரைந்த முகங்களோடும் கட்டுரைகள் வந்தது 2023 நவம்பரில் அம்பலமானது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின் கடைசியாக ஒரு சமாதானம் வரும்: வாசகர் கேட்பது இதைத்தான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சதுரங்க வாகையரானார். பதினான்காம் ஆட்டத்தில், சமநிலையை நோக்கிப் போன கட்டத்தில், எதிராடிய டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததுதான் முடிவைத் தீர்மானித்தது. அடுத்த சில நாட்கள் இணையத்தில் ஓடியது என்ன? பரிசுப் பணத்துக்கு வரி எவ்வளவு, அவர் தமிழரா தெலுங்கரா. வாசகர் கேட்டது இதைத்தான் என்றால், சாகர் ஷாவும் அம்ருதா மொகலும் நடத்தும் செஸ்பேஸ் இந்தியா பிழைத்திருக்க முடியாது. ஆடுபவர் பக்கத்திலேயே நின்று, நகர்த்தலுக்கு நகர்த்தல் விளக்கி, சதுரங்கப் புத்தகமும் பலகையும் விற்றுச் செலவைச் சமாளித்து அது பெருங்கூட்டத்தைச் சேர்த்திருக்கிறது. சதுரங்கத்தைவிடப் பார்க்கக் கடினமான ஆட்டம் வேறு எது?

வாசகரைக் காரணம் காட்டும் இந்தச் சமாதானத்தை உள்ளூரில் சோதித்துப் பார்க்க மணிமங்கலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பட்டை தோதானது. காரும் பைக்கும் லாரியும் டயரும் செய்யும் பகுதி இது. இதற்குள்ளேயே, இருங்காட்டுக்கோட்டையில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத்தடம் இருக்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வண்டி ஓட்டியவர்கள் பிறகு கட்டிக்கொண்ட சொந்தத் தடம், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் பந்தயம் பழகிய இடம். தேசிய கார், பைக் சாம்பியன்ஷிப்களின் சுற்றுகள் ஆண்டுதோறும் இங்கே நடக்கின்றன. அந்த வண்டிகளைப் போன்றவற்றைச் செய்யும் தொழிலாளர்கள் சில மைல் தொலைவில் வசிக்கிறார்கள். வாசகர் இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

ஆயினும் இந்தத் தடம் பரவலாகச் செய்தியானது 2023இல்: ஜனவரியில் 59 வயதான அனுபவசாலி ஒருவரும், ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர் ஒருவரும் பந்தயத்தில் உயிரிழந்தபோது. மற்ற வாரங்களில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அமைப்பாளர்களோ வாகனக் கம்பெனிகளோ அனுப்பிய அறிக்கை. பல தளங்களில் ஒரே வாசகம், தலைப்பு மட்டும் வேறு. மறு ஆண்டு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 தெருப்பந்தயம் நடந்தபோதும் பேச்செல்லாம் அரசியலும் வழக்கும் அனுமதிச் சான்றிதழும்தான்; யார் எப்படி ஓட்டினார் என்பது ஓரத்தில் நின்றது. 13 வயதுப் பிள்ளை எந்த விதியின்கீழ் பந்தய பைக் ஓட்டலாம், விழுந்தவர் மீது பின்னால் வரும் வண்டி ஏறாமல் எப்படித் தடுப்பது, ஒரு பருவம் ஓட்ட என்ன செலவு, அதை எந்த வீட்டால் தாங்க முடியும் என்றெல்லாம் தொடர்ந்து கேட்க, அந்தத் தடத்தை ஆண்டுக்கணக்கில் அறிந்த நிருபர் வேண்டும். விபத்தன்று மட்டும் வந்து போகிறவரால் அது ஆகாது.

தமிழ்த் தளங்களும் நாளிதழ்களும் வாசகர் மீது பழி போடுவதை இனி நிறுத்தலாம். அடுத்த தேசியச் சுற்றுக்கு ஒரே ஒரு நிருபரை அனுப்பினால் போதும். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்து இருங்காட்டுக்கோட்டை வழியாகத்தான் போகிறது.