பதக்கத்துக்குப் பரிசு இருக்கிறது, ஆடுகளத்துக்கு நிதி எங்கே?

பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024 செப்டம்பர் 2 அன்று, கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்யூ5 பிரிவு பாட்மிண்டனில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளி வென்றார். இறுதிப் போட்டியில் அவரை வென்றவர் சீனாவின் யாங் சியூசியா. அதே பிரிவில் திருவள்ளூர் மாவட்டத்தின் மனிஷா ராமதாஸுக்கும், உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். தமிழக அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும் மற்ற இருவருக்கும் தலா 1 கோடி ரூபாயும் கொடுத்தது. மூவருக்கும் அர்ஜுனா விருதும் கிடைத்தது. இதையெல்லாம் மனதார வரவேற்கிறோம்.

ஆனால் துளசிமதி அந்த இடத்துக்கு எப்படி வந்தார்? பிறவியிலேயே இடது கையில் குறைபாடு. அப்பா தினக்கூலி. மட்டையைக் கையில் கொடுத்துப் பயிற்சி தந்தவரும் அவர்தான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடி, ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் தங்கம் வென்றார். ஒரு கூலித் தொழிலாளி தன் பிடிவாதத்தால் செய்து முடித்ததை நாம் 'சாதனை' என்கிறோம். அந்தப் பிடிவாதத்துக்கு வழியில்லாத ஆயிரம் வீடுகளை என்னவென்று சொல்வது?

அதே பாரிஸில் இன்னொரு பெண்ணும் வெண்கலம் வென்றார். நைஜீரியாவின் மரியம் எனியோலா போலாஜி. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்து, பாட்மிண்டனில் ஆப்பிரிக்கா கண்ட முதல் பதக்கம் அது. 1992 முதல் ஒலிம்பிக்கில் பாட்மிண்டன் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக ஒரு கண்டத்துக்கே பதக்கம் இல்லை என்றால், ஆப்பிரிக்கர்களுக்குத் திறமை இல்லை என்றா பொருள்? கென்யாவும் எத்தியோப்பியாவும் நெடுந்தூர ஓட்டத்தில் உலகையே ஆள்கின்றனவே! ஓடுவதற்குச் சாலை போதும். பாட்மிண்டனுக்குக் கூரை வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். "உங்க பசங்களுக்கு கபடியும் ஓட்டமும் தானா வரும்" என்று நம் காலனிப் பிள்ளைகளைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. தானாக எதுவும் வருவதில்லை. மண் தரையும் சாலையும் மட்டும் கிடைத்தவர்களிடமிருந்து கபடியும் ஓட்டமும் வருகின்றன. இறகுப்பந்தின் எடை 5 கிராம் அளவுதான். லேசான காற்றே அதன் திசையை மாற்றிவிடும். எனவே உயர்ந்த கூரை, வழுக்காத தரை, விளக்கு, பயிற்சியாளர் எல்லாம் வேண்டும். 16 இறகுகள் கொண்ட பந்து தீவிரமான ஆட்டத்தில் சீக்கிரமே பிய்ந்துவிடும், அடுத்தது வாங்க வேண்டும். மணிக்கணக்கில் வாடகை கேட்கும் அரங்கில் கூலி வீட்டுப் பிள்ளை நுழைவது எப்படி? அந்தப் பிள்ளை மாற்றுத்திறனாளியாகவும் இருந்துவிட்டால்?

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றும் மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் உடன் வர வேண்டியிருந்தது. அந்தக் கதவைத் திறக்கக் கையில் சட்டம் இருந்தது. விளையாட்டு அரங்கின் வாசலில் "உனக்கு அனுமதியில்லை" என்று யாரும் சொல்வதில்லை. கட்டணப் பலகையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

துளசிமதியின் சாதி என்ன என்று தேடுவது நம் வேலையல்ல. அந்த அசிங்கத்தை 2016-இல் பி.வி.சிந்து ஒலிம்பிக் வெள்ளி வென்றபோதே இந்த நாடு கூகுளில் செய்து காட்டியது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றதும், வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, அவர் குடும்பத்தைச் சாதி சொல்லித் திட்டினார்கள். ஜெயித்தால் நாட்டின் மகள், தோற்றால் சேரிப் பெண். நம் கேள்வி வேறு. அடுத்த துளசிமதி ஒரு காலனியில் பிறந்திருந்தால், அவர் கைக்கு மட்டை வந்து சேருமா?

வழி இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 30, அவர்கள் விளையாட்டில் பங்கேற்பதை உறுதிசெய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நிதி வேறு வேலைக்குத் திருப்பப்படுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2024-இல் தனிச்சட்டம் இயற்றியது. அந்த நிதியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் விடுதிகளையும் ஒட்டி, ஒன்றியத்துக்கு ஓர் உள்ளரங்கமாவது கட்டுங்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் வையுங்கள். பயிற்சியாளரை நியமியுங்கள். பந்து வாங்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள். கட்டிடத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டிப் போடாதீர்கள்.

தோழர்களே, வரும் கிராம சபையில் சாலை, குடிநீர், சுடுகாட்டுப் பாதையோடு இந்தக் கோரிக்கையையும் தீர்மானமாக எழுதிக் கொடுப்போம். ஜெயித்த பிறகு வரும் கோடிகள் ஜெயித்தவருக்கு மட்டும்தான். ஜெயிப்பதற்கு முன்பே ஆட ஓர் இடம் கிடைப்பதைத்தான் நாம் சமூகநீதி என்கிறோம்.