பொம்மையை அறுத்தால் தப்பா?

பழைய பொம்மைகளை என்ன செய்வது? நம் ஊர் வீடுகளில் இதற்கு மூன்று பதில்கள்தான். பரணில் போடுவது, சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது, அல்லது பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுவது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நான்காவதாக ஒரு பதில் பல வருடங்களாக இருக்கிறது. பொம்மையின் கையைக் கழற்று, வேறு பொம்மையின் தலையை மாட்டு, எபாக்ஸி வைத்துப் புது முகம் செதுக்கு, மேலே பெயின்ட் அடி. எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு வீரனோ வீராங்கனையோ ரெடி! இதற்குத்தான் 'கஸ்டம் ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர்.

இந்தப் பொழுதுபோக்கை இரண்டு தரப்பினருக்குப் பிடிப்பதில்லை. முதல் தரப்பு, பொம்மை சேகரிப்பவர்கள். "நல்ல பொருளை நாசம் பண்ணுகிறார்கள்" என்பது அவர்கள் வருத்தம். இரண்டாவது தரப்பு, கம்பெனிகளும் அவர்களுடைய வக்கீல்களும். "எங்கள் உருவத்தை மாற்ற நீ யார்?" என்பது அவர்கள் கேள்வி. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கம்பெனியே செய்த வேலைதான் இது

முதலில் கொஞ்சம் வரலாறு. 1964-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ.ஜோ என்ற ராணுவ வீரன் பொம்மையைக் கொண்டு வந்தது. ஏறத்தாழ 12 அங்குல உயரம், 21 அசையும் பாகங்கள். பார்பியைப் போல உடை மாற்றக்கூடிய பொம்மைதான். ஆனால் 'டால்' என்று சொன்னால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று பயந்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற புதுப் பெயரை வைத்தார்கள். பெயரை மாற்றியதும் சரக்கு விற்றது. ஆக, இந்தத் துறையே ஒரு 'வேஷம் மாற்றும்' வேலையில்தான் தொடங்கியது.

அடுத்து 1977. ஸ்டார் வார்ஸ் படத்துக்குப் பொம்மை செய்யும் உரிமை கென்னர் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அவசரமாக மாதிரிகள் வேண்டும். கென்னர் வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபிஷர்-ப்ரைஸ் என்ற வேறொரு கம்பெனியின் 'அட்வென்ச்சர் பீப்பிள்' பொம்மைகளை வாங்கி, அவற்றை மாற்றி முதல் மாதிரிகளைச் செய்தார்கள். போட்டிக் கம்பெனியின் பொம்மை!

ஹீ-மேன் கதை இன்னும் சுவாரஸ்யம். 1980-ம் வருடக் கடைசியில் மேட்டல் நிறுவனத்தில் வேலை பார்த்த ரோஜர் ஸ்வீட், அந்த நிறுவனத்தின் பழைய 'பிக் ஜிம்' பொம்மையைச் சண்டைக்கு நிற்பது போல வளைத்து ஒட்டி, மேலே களிமண்ணை அப்பிப் புஜங்களையும் மார்பையும் பெரிதாக்கினார். அதிலிருந்து மூன்று மாதிரிகள் செய்து மேலதிகாரிகளிடம் காட்டினார். 1982-ல் ஹீ-மேன் கடைக்கு வந்தான். (ஹீ-மேனை உருவாக்கிய பெருமை ஸ்வீட்டுக்கா, ஓவியர் மார்க் டெய்லருக்கா என்ற சர்ச்சை உண்டு. அது வேறு கதை.)

ஒரு கம்பெனிக்காரர் அலுவலக மேஜையில் செய்தால் அது 'வடிவமைப்பு'. அதையே ஒரு கல்லூரி மாணவர் வீட்டு மேஜையில் செய்தால் 'நாசம்'. இது என்ன நியாயம்?

வேலை எப்படி நடக்கிறது?

இதைச் சும்மா விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். பெரும்பாலான பொம்மைகளில் தலை மென்மையான பி.வி.சி.யாலும், உடலின் உறுதியான பாகங்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காலும் ஆனவை. தலையைக் கழற்ற வேண்டுமானால் கொதித்து இறக்கிய வெந்நீரில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். பி.வி.சி. இளகியதும் தலை உருவிக்கொண்டு வரும். அவசரப்பட்டு இழுத்தால் கழுத்துக் கட்டை உடைந்துவிடும், அவ்வளவுதான்.

பழைய பெயின்ட்டை எடுக்க நெயில்பாலிஷ் ரிமூவர். அதில் இருக்கும் அசிட்டோன் பெயின்ட்டைக் கரைக்கும். ஆனால் ஏ.பி.எஸ். பாகத்தில் பட்டால் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். எந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

செதுக்குவதற்கு இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி. சம அளவு எடுத்துப் பிசைந்தால் சில மணி நேரம் களிமண் போல இருக்கும், ஒரு நாளில் கல்லாகிவிடும். வீட்டில் குழாய் ஒழுகினால் அடைக்கிறோமே எம்-சீல், கிட்டத்தட்ட அதே வகை. அடுப்பில் சுட வேண்டிய பாலிமர் களிமண்ணும் உண்டு. ஆனால் அதைச் சுட 130 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பொம்மையே வளைந்துவிடும் என்பதால் பலர் எபாக்ஸியையே நம்புகிறார்கள்.

பிறகு உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் செதுக்கிய மூக்கும் கண்ணும் மூழ்கிப் போகும். கறுப்பு பெயின்ட்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசினால் துணி மடிப்புகளில் போய்த் தங்கி நிழல் போலத் தெரியும். மூட்டுகளில்தான் பெரிய தலைவலி. கையை அசைத்தால் அங்கே பூசிய பெயின்ட் உரசி உதிரும். அதனால் பெயின்ட் அடிக்கும் முன்பே மூட்டின் உட்பக்கத்தைச் சுரண்டி இடைவெளி விட வேண்டும். இவ்வளவும் செய்தால் ஐந்தாறு அங்குலத்தில் ஓர் ஆள் எழுந்து நிற்பான்.

பெட்டியைத் திறக்காதவர்கள்

இப்போது சேகரிப்பவர்களின் வருத்தத்துக்கு வருவோம். பெட்டியே பிரிக்காத பழைய பொம்மைக்குச் சந்தையில் நல்ல விலை. 1978-ல் கென்னர் வெளியிட்ட ஜாவா பொம்மைக்கு முதலில் பிளாஸ்டிக் அங்கி போட்டார்கள். மலிவாகத் தெரிகிறது என்று துணி அங்கிக்கு மாற்றினார்கள். அதனாலேயே அந்தப் பிளாஸ்டிக் அங்கி ஜாவா இன்று அரிய பொருள். அப்படிப்பட்டதைக் கையில் கத்தியோடு அணுகினால் யாருக்கும் வயிறு எரியும்தான்.

ஆனால் நடைமுறையில் அதை யார் அறுக்கிறார்கள்? கஸ்டம் செய்பவர்கள் தேடுவது காலொடிந்தது, பெயின்ட் உதிர்ந்தது, துணைப்பொருள் தொலைந்தது. கணக்குப் புத்தக மொழியில் சொன்னால், தேய்மானம் எல்லாம் கழித்து மதிப்பு பூஜ்யத்துக்கு வந்துவிட்ட சொத்து. அதைக் கச்சாப்பொருளாக எடுத்து, சில மணி நேர உழைப்பைச் சேர்த்து, மறுபடி மதிப்புள்ளதாக ஆக்குகிறார்கள். இதற்குப் பெயர் மதிப்புக்கூட்டல். குப்பைக்குப் போக வேண்டிய பிளாஸ்டிக் மேஜைக்கு வருகிறது என்பது கூடுதல் லாபம்.

சட்டம் என்ன சொல்கிறது?

திருட்டு என்ற குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. அமெரிக்கச் சட்டப்படி முறையாக வாங்கிய பொருளை வாங்கியவர் மறுபடி விற்கலாம். ஆனால் ஒரு படைப்பிலிருந்து 'வழித்தோன்றல் படைப்பு' செய்யும் உரிமை படைத்தவருக்கே. மாற்றிய பொருளை விற்றால் எது பொருந்தும்? அங்கே நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. புத்தகத்தில் இருந்த ஓவியங்களை வெட்டி ஓட்டில் ஒட்டி விற்ற நிறுவனம் செய்தது மீறல் என்று 1988-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே நிறுவனம் வாழ்த்து அட்டைகளை ஒட்டி விற்றதில் மீறல் இல்லை என்று 1997-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது!

பொம்மை வழக்கும் உண்டு. பார்பியின் தலையையும் உடலையும் மாற்றிப் பெரியவர்களுக்கான 'டஞ்சன் டால்' என்று விற்றவர் மீது மேட்டல் வழக்குத் தொடுத்தது. 2002-ல் நியூயார்க் மாவட்ட நீதிமன்றம், விசாரணை இல்லாமல் நேரடியாகத் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வேண்டும் என்ற மேட்டலின் கோரிக்கையை ஏற்கவில்லை. இந்தப் பொம்மை பார்பியின் வியாபாரத்தைப் பிடுங்காது, இதன் நோக்கமே வேறு என்பதுதான் அங்கே எடுபட்ட வாதம்.

பொம்மையின் அடையாளம் மாறவே கூடாது என்று சொல்லும் கம்பெனிகள் தங்களுக்கு வசதி என்றால் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அன்றைய அமெரிக்க இறக்குமதி வரியில் மனித உருவமுள்ள 'டால்' என்றால் 12 சதவீதம், வெறும் 'டாய்' என்றால் 6.8 சதவீதம் என்று இருந்தது. எக்ஸ்-மென் பொம்மைகளை இறக்குமதி செய்த டாய் பிஸ் நிறுவனம், இவர்கள் மனிதர்களே இல்லை என்று வாதாடி 2003-ல் ஜெயித்தது. 'நாங்களும் மனிதர்கள்தான்' என்று கதை முழுக்கப் போராடும் கதாபாத்திரங்கள் அவர்கள்!

கடையில் இல்லாத முகம்

இவ்வளவு வாதத்தையும் விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கடை அலமாரியில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது கம்பெனி. 2015-ல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து வருவது பிளாக் விடோ. கடைக்கு வந்த பொம்மைத் தொகுப்பில் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தது கேப்டன் அமெரிக்கா. படத்தில் அவளைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன சிறுமிக்கு என்ன பதில்?

அதே 2015-ல் பிரிட்டனில் ரெபெக்கா அட்கின்சன் என்ற பத்திரிகையாளர் 'டாய் லைக் மீ' இயக்கத்தைத் தொடங்கினார். அவரே காது கேளாமையோடு வளர்ந்தவர். உடல் குறையுள்ள குழந்தைகளைப் போன்ற பொம்மைகள் கடையில் இல்லை. அதனால் அவரும் மற்றவர்களும் இருக்கிற பொம்மைகளையே மாற்றினார்கள். டிங்கர் பெல் தேவதைக்குக் காதுக்கருவி வைத்தார்கள், படம் எடுத்து ஊருக்குக் காட்டினார்கள். 2016 ஜனவரியில் லெகோ நிறுவனம் சக்கர நாற்காலியில் அமர்ந்த பையன் உருவத்தை நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் வைத்தது. காதுக்கருவி அணிந்த பார்பி 2022-ல் வந்தது.

கம்பெனிகளுக்கு அதற்கு முன்பு தோன்றவே இல்லையா என்றால், தோன்றியது. 1997-ல் மேட்டல் சக்கர நாற்காலியில் பெக்கி என்ற பொம்மையை விட்டது. ஆனால் அந்த நாற்காலி பார்பியின் கனவு இல்லத்து லிஃப்ட்டில் நுழையவில்லை! அப்படிப்பட்ட குறையை அந்தக் குழந்தையோடு வாழ்பவர்தான் முதலில் பார்ப்பார்.

ஆஸ்திரேலியாவில் தாஸ்மானியாவைச் சேர்ந்த சோனியா சிங் செய்தது வேறு மாதிரி. பழைய பொருள் கடைகளில் கிடந்த பிராட்ஸ் பொம்மைகளின் கனத்த மேக்கப்பை அழித்து, சாதாரணச் சிறுமியின் முகத்தை வரைந்தார். அவருடைய அம்மா கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தார். 2015-ல் உலகம் முழுக்க அந்தப் படங்கள் பரவின. எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்கும் அவர் செய்து காட்டினார். கவர்ச்சியான முகம்தான் விற்கும் என்ற கம்பெனிகளின் நம்பிக்கைக்கு ஒரு தூரிகையால் சொன்ன பதில் அது.

எல்லை எங்கே?

அப்படியானால் எல்லாமே சரியா? இல்லை. ஒருவர் நாள்கணக்கில் செதுக்கிய தலையை அச்செடுத்து ரெசினில் நகல் வார்த்து விற்பது திருட்டுதான். அதற்குக் கலை என்ற சால்ஜாப்பு கிடையாது. தான் செய்ததைக் கம்பெனியின் ஒரிஜினல் மாதிரி என்று சொல்லி விற்பது மோசடி. மாற்றியது என்று தெளிவாகச் சொல்லி, தன் பெயரில் ஒன்றோ இரண்டோ விற்பது வேறு, ஆயிரக்கணக்கில் அச்சடிப்பது வேறு.

இன்னொன்று பாதுகாப்பு. பழைய பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் குழந்தைப் பொருள்களுக்கு ஈயத்தின் அளவைக் கடுமையாகக் குறைத்ததும், பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகளுக்கு வரம்பு கட்டியதும் 2008-ம் வருடச் சட்டம்தான். அதனால் தேய்க்கும்போது முகத்தில் மாஸ்க் வேண்டும், தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பழைய பொம்மையில் செய்த உருவத்தை வாயில் வைக்கும் குழந்தையிடம் கொடுக்கவே கூடாது.

நம் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ.ஜோ வீரர்களை இந்தியாவிலேயே தயாரித்தது. அமெரிக்காவில் வந்த அதே அச்சு, ஆனால் நிறங்கள் பல வீரர்களுக்கு வேறு. அந்த விநோத நிறங்களுக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்கினார்கள். 1982-ல் வந்த அந்த மூன்றே முக்கால் அங்குல உருவ அமைப்பில் இடுப்பைப் பிடித்திருப்பது உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம். வயதானால் அது அறுந்து வீரன் இரண்டாகப் போவான். "உடைந்துவிட்டது" என்று தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் மாற்ற வேண்டியது அந்த வளையத்தை மட்டும்தான்.

பரணில் அப்படி ஒரு வீரன் கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். வளையத்தை மாற்றி அப்படியே நிறுத்துவதா, புது முகம் செதுக்குவதா என்பது உங்கள் இஷ்டம். காசு கொடுத்து வாங்கியது நீங்கள். அந்த முடிவும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.