அரை நிமிடக் கதை! காசு யாருடையது?

பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். அண்ணனும் தங்கையும். வழியெல்லாம் சேறு. தங்கை கால் தவறி அதில் விழுந்துவிடுகிறாள். அழுகிறாள்.

அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. யார் மேல்? சேற்றின் மேல்!

தங்கையை அழவைத்த சேற்றோடு அவன் சண்டைக்குப் போகிறான். குத்துகிறான். உதைக்கிறான். சட்டையெல்லாம் சேறு. கடைசியில் தங்கையிடம் வந்து, சேறு மன்னிப்புக் கேட்டுவிட்டது என்கிறான். அவள் அழுகை நின்றுவிடுகிறது.

பார்க்கிற நமக்கு நெஞ்சு நெகிழ்கிறது. அப்புறம்தான் தெரிகிறது, அது சலவைத் தூள் விளம்பரம் என்று!

2005-ம் ஆண்டில் சர்ஃப் எக்செல் தூளுக்காக வந்த டெலிவிஷன் படம் அது. 20 ஆண்டு கடந்தும் பலருக்கு நினைவிருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் தூளின் விலை என்ன? ஒரு பொட்டலத்தில் எத்தனை துணி துவைக்கலாம்? பக்கத்தில் இருக்கும் வேறு தூளைவிட இது எந்த விதத்தில் மேல்? சேற்றோடு போட்ட சண்டை இதில் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் கடைக்குப் போனால் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

இது என்ன மாயம்? மாயம் இல்லை. கணக்கு!

கொடைக்கானல் அருவி

எல்லாச் சோப்பும் நுரைக்கும். எல்லாச் சோப்பும் அழுக்கைப் போக்கும். ஒரு சோப்புக்கும் இன்னொரு சோப்புக்கும் வித்தியாசத்தைப் பொருளில் காட்டுவது கஷ்டம். அதனால் கதையில் காட்டுகிறார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. கொடைக்கானலில் பாம்பார் அருவி என்று ஓர் அருவி உண்டு. அதை "லிரில் அருவி" என்றே பலரும் சொல்கிறார்கள். ஏன்? லிரில் சோப்பு விளம்பரத்தை அங்கேதான் எடுத்தார்கள். பச்சை நீச்சல் உடையில் ஒரு பெண் அருவியில் துள்ளிக் குளிப்பாள். அவ்வளவுதான் படம்.

1975-ல் அந்தச் சோப்பு வந்தது. தூர்தர்ஷனில் அப்போது விளம்பரமே கிடையாது. சினிமாக் கொட்டகையில்தான் மக்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். தூர்தர்ஷனில் விளம்பரம் தொடங்கியது 1976-ல்.

அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் அலிக் பதம்சி என்ற விளம்பர நிபுணர். வீட்டுப் பெண்களின் நிலைமையை அவர் கவனித்தார். காலை முதல் இரவு வரை சமையல், பிள்ளைகள், மாமியார், மாமனார், கணவன். அவளுக்கென்று கிடைக்கும் நேரம் எது? குளிக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். கதவைச் சாத்திக்கொண்டால் அவள் தனி. அப்போது அவள் மனதில் ஓர் அருவி பாயட்டுமே என்று நினைத்தார்.

சோப்பு விற்றது. உண்மையில் விற்றது சோப்பா? பத்து நிமிட விடுதலை!

ஏழைத் தூளும் லலிதாஜியும்

1980-களில் ஒரு பெரிய போட்டி நடந்தது. குஜராத்தைச் சேர்ந்த கர்சன்பாய் படேல் என்பவர் 1969-ல் வீட்டிலேயே சலவைத் தூள் தயாரித்து, சைக்கிளில் வைத்து விற்கத் தொடங்கினார். தன் மகள் நிருபமாவின் நினைவாக அதற்கு நிர்மா என்று பெயர் வைத்தார். சர்ஃபைவிட விலை மிக மிகக் குறைவு. வெள்ளைப் பாவாடை சுழல ஆடும் சிறுமியும், ஒரு பாட்டும் டெலிவிஷனில் வந்தன. பட்டிதொட்டியெல்லாம் நிர்மா பரவியது.

சர்ஃப் கம்பெனி திகைத்தது. விலையைக் குறைக்க முடியாது. என்ன செய்வது? லலிதாஜி என்ற ஒரு குடும்பத் தலைவியைப் படைத்தார்கள். இதுவும் பதம்சியின் யோசனைதான். கவிதா சௌத்ரி என்ற நடிகை அந்த வேடத்தில் வந்தார்.

லலிதாஜி காய்கறிக் கடையில் பேரம் பேசுவாள். ஏமாற மாட்டாள். ஆனால் சர்ஃபுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுப்பாள். கேட்டால், மலிவுப் பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்பாள். அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ சாதாரணத் தூளுக்குச் சமம் என்று கணக்கும் சொல்வாள்.

பாருங்கள் கெட்டிக்காரத்தனத்தை! அதிக விலை கொடுப்பதே சிக்கனம் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் ஒரு சிக்கனக்காரியின் வாயால்!

ஆனால் கதை மட்டும் போதவில்லை. பிறகு அதே கம்பெனி வீல் என்ற மலிவு விலைத் தூளையும் கொண்டுவர வேண்டியிருந்தது. ஏன்? ஏழை வீட்டுக் கணக்கு லலிதாஜியின் கணக்கைவிடக் கறாரானது!

சிரிக்க வைக்கும் பொய்

விளம்பரத்தில் எல்லாப் பொய்யும் ஒன்றல்ல.

ஃபெவிகால் என்பது தச்சர்கள் மரம் ஒட்டும் பசை. அதற்கு ஒரு படம். ராஜஸ்தான் மண் பாதையில் ஒரு பஸ் ஆடி ஆடிப் போகிறது. உள்ளே கூட்டம், கூரையில் கூட்டம், பக்கவாட்டில் தொங்கும் கூட்டம். பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. ஒருவர்கூட விழவில்லை! பஸ் கடந்து போகும்போது பின்பக்கத்தில் ஃபெவிகால் விளம்பரப் பலகை தெரிகிறது.

இதை யாராவது நம்புவார்களா? மாட்டார்கள். சிரிப்பார்கள். பசை நன்றாக ஒட்டும் என்பது மட்டும் மனதில் ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை என்று பார்த்தவுடன் தெரியும் மிகைப்பேச்சால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

1994-ல் காட்பரி சாக்லேட் படம் வந்தது. காதலன் கிரிக்கெட்டில் சிக்ஸர் அடிக்கிறான். காதலி காவலாளியை ஏமாற்றிவிட்டு மைதானத்துக்குள் ஓடி ஆடுகிறாள். சாக்லேட் குழந்தைகள் தின்பண்டம் என்று இருந்த காலம் அது. பெரியவர்களும் வெட்கப்படாமல் தின்னலாம் என்று அந்த ஆட்டம் சொன்னது. 2021-ல் அதையே திருப்பி எடுத்தார்கள். இப்போது சிக்ஸர் அடிப்பவள் பெண். மைதானத்தில் ஆடுபவன் ஆண். காலம் மாறியது. கதை மாறியது. சர்க்கரை மட்டும் மாறவில்லை!

அழ வைக்கும் பொய்

இனி மறுபக்கம்.

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற முகக் களிம்பு வந்தது. அதன் விளம்பரங்களில் பல ஒரே மாதிரி. கறுத்த பெண். அவளுக்கு வேலை கிடைக்காது. அல்லது மாப்பிள்ளை கிடைக்காது. அப்பா கவலைப்படுவார். அவள் களிம்பு பூசுவாள். சிவப்பாவாள். எல்லாம் கிடைத்துவிடும்!

இதுவும் கதைதான். ஆனால் பஸ் கதை போலச் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஏனென்றால் இது நம்பக்கூடிய கதை. பெண் பார்க்க வருபவர்கள் நிறம் பேசுவது நம் வீடுகளில் நடப்பதுதான். இருக்கிற புண்ணிலேயே இந்தக் கதை விரலை வைத்தது. எத்தனை பெண் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று கலங்கியிருப்பார்கள்!

மாதர் சங்கத்தார் எதிர்த்தார்கள். நிறம் என்ன குற்றமா என்று கேட்டார்கள். கடைசியில் 2020-ல் கம்பெனி "ஃபேர்" என்ற சொல்லை நீக்கி, "க்ளோ அண்ட் லவ்லி" என்று பெயர் மாற்றியது. 45 ஆண்டு ஆயிற்று, ஒரு சொல்லை நீக்க!

பிள்ளைகளின் பானத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. "ஆரோக்கிய பானம்" என்ற சொல். உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா முதலிய பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதே மாதம் ஹார்லிக்ஸ் கம்பெனியும் தன் பானங்களுக்கு அந்தப் பெயரை விட்டுவிட்டது.

குடிக்கிற பிள்ளை முதல் மார்க் வாங்கும், குடிக்காத பிள்ளை பின்தங்கும் என்று ஒரு தாய் பயந்தால், அவள் விலை பார்க்க மாட்டாள். வேறு செலவைக் குறைத்தாவது வாங்குவாள். அந்தப் பயம்தான் ஆபத்தானது.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் வந்தது. பொய் விளம்பரம் செய்யும் கம்பெனிக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. உண்மை தெரிந்துகொள்ளாமல் சிபாரிசு செய்யும் நடிகர், கிரிக்கெட் வீரர் ஆகியோருக்கும் அபராதம் உண்டு. ஓராண்டு அவர்கள் எந்த விளம்பரத்திலும் வராமல் தடை போடவும் முடியும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை.

2022 ஜூனில் இன்னும் விவரமான விதிகள் வந்தன. பிள்ளைகளின் அறியாமையை விளம்பரம் பயன்படுத்தக் கூடாது. இதைச் சாப்பிட்டால் புத்தி வளரும், பலம் வரும் என்று தக்க ஆதாரம் இல்லாமல் சொல்லக் கூடாது. விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ, கீழே வரும் நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டிவிட்டு, எறும்பு எழுத்து இங்கிலீஷில் நிபந்தனை போடுவது விதிக்கு விரோதம்!

புகார் சொல்ல விரும்பினால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

கதையை எடுத்துவிடுங்கள்!

விளம்பரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நிர்மாவைப் பற்றி ஏழைகள் தெரிந்துகொண்டது விளம்பரத்தால்தானே? நல்ல விளம்பரம் ஒரு நல்ல சிறுகதை. ரசிக்கலாம். தவறில்லை.

ஆனால் கடையில் நிற்கும்போது ஒன்று செய்யுங்கள். கதையைக் கழித்துவிடுங்கள். மீதி என்ன என்று பாருங்கள்.

அண்ணன் தங்கையைக் கழித்தால் மீதி சலவைத் தூள். அருவியைக் கழித்தால் மீதி சோப்பு. கிரிக்கெட்டைக் கழித்தால் மீதி சாக்லேட். இப்போது மூன்று கேள்வி கேளுங்கள். எடை எவ்வளவு? விலை எவ்வளவு? நமக்குத் தேவையா?

பட்டியலில் இல்லாத ஒரு டப்பாவைக் காட்டிப் பிள்ளை அடம் பிடித்தால் அடிக்காதீர்கள். திட்டாதீர்கள். அதன் கையிலேயே டப்பாவைக் கொடுத்து, பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பானத்தின் விலையில் எத்தனை முட்டை வாங்கலாம், எத்தனை வாழைப்பழம் வாங்கலாம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குக்கு இதைவிட நல்ல வேலை ஏது?

அரை நிமிடக் கதை நமக்கு இலவசம் போலத் தெரிகிறது. அதை எடுத்த செலவு, ஒளிபரப்பிய செலவு, நடிகருக்குக் கொடுத்த சம்பளம் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? நாம் கொடுக்கும் விலையிலிருந்துதான்.

கதை அவர்களுடையது. காசு நம்முடையது. கதையைக் கேட்டு மகிழுங்கள். காசை எண்ணிக் கொடுங்கள்!