வந்ததையே எழுதுவோம்

காலை மணி அடித்ததும் நாம் வரிசையாக நிற்கிறோம் அல்லவா? காந்தப் பொருள்களுக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு சிறு காந்தம். பொருளைக் குளிர்வித்தால் இச்சிறு காந்தங்கள் அணிவகுத்து நின்றுவிடும்.

எவ்வளவு குளிர்ந்தாலும் அணிவகுக்காத நிலை ஒன்று இருக்கக்கூடும் என்று 1973ஆம் ஆண்டில் கூறினார் அமெரிக்க அறிஞர் பிலிப் ஆண்டர்சன். முக்கோணத்தின் இரு முனைகளில் உள்ள காந்தங்கள் எதிரெதிர்த் திசையில் நின்றால், மூன்றாவது எப்பக்கம் திரும்பும்? எனவே அவை நிலைத்து நில்லாமல், கோலாட்டம் ஆடுவோர் போல ஓயாது இணை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பது அவர் கருத்து. இதுவே 'குவாண்டம் சுழல் திரவம்'. பொருள் திடமானதே, காந்தங்களின் நிலைதான் திரவத்தைப் போன்றது.

தேனடை போன்ற அமைப்பில் இந்நிலை தோன்றும் என்பதை 2006இல் கணிதத்தால் நிறுவினார் அலெக்சி கிட்டாயெவ். பிழைக்கு எளிதில் ஆளாகாத குவாண்டம் கணிப்பொறிக்கு இது உதவலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது. ஏடு ஏடாக உரிக்கத்தக்க ருத்தேனியம் குளோரைடு அத்தகைய தேனடை அமைப்புடையது. ஆனால் அதுவும் ஏறத்தாழ 7 கெல்வின் வெப்பநிலையில் அணிவகுத்துவிடுகிறது!

அதன் ஓர் ஏட்டைக் கரியணுக்களாலான கிராபீன் ஏட்டின்மேல் அடுக்கினால் என்ன? கிராபீனிலிருந்து எலக்ட்ரான்கள் அதனுள் செல்கின்றன. அணுக்களின் இடைவெளியும் மாறுகிறது. இதனால் விரும்பிய நிலையை நெருங்கலாம் என்று 2019இல் கணக்கிட்டுக் காட்டியது, பேராசிரியை ரோசர் வலென்டி இடம்பெற்ற குழு. இயற்கை தராததை அடுக்கிப் பெற முயலும் இப்பணியை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், 'கிடைத்துவிட்டது' என்று முழங்க அவசரம் வேண்டாம் என்பதே எமது கருத்து. அணிவகுக்காமை மட்டும் சான்றாகாது; படிகத்திலுள்ள குறைகளும் அணிவகுப்பைக் கெடுக்கும். ஒற்றை ஏட்டில் உள்ள பொருளோ மிகச் சிறிது. நியூட்ரான் சோதனைக்கு அது போதாது. 2018இல் ஜப்பானிய அறிஞர்கள், ருத்தேனியம் குளோரைடில் வெப்பம் பாயும் விதத்தில் இந்நிலையின் அடையாளத்தைக் கண்டதாக அறிவித்தனர். பின்னர் அளந்தோருள் சிலர் உடன்பட்டனர், சிலர் மறுத்தனர். அதில் இழிவென்ன? மறுத்தவரும் அறிவியலுக்குத் தொண்டு செய்தவரே.

தோழியரே, நம் ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 என்று வரவேண்டும் என்பதற்காக, நேர அளவைச் சற்றே திருத்தி எழுதியவர் நம்முள் எத்தனை பேர்! மதிப்பெண் குறையுமோ என்ற அச்சமே காரணம். பெற்றோரும் ஆசிரியைகளும் இவ்வச்சத்தைப் போக்க வேண்டுகிறோம். தெரிந்த விடைக்கே அளவைத் திருத்திப் பழகிய கை, ஐம்பது ஆண்டுகளாகத் தேடியும் உறுதிப்படாத ஒன்றை எப்படி நேர்மையாக அளக்கும்?

அடுத்த முறை 980 வராவிட்டால், வந்ததையே எழுதுவோம். ஏன் வரவில்லை என்று பிறகு தேடுவோம்.